குமிழி ஏன் கூடவில்லை?

கேள்வி: ஒளித்தொகுப்பு வீதத்தைப் பார்க்க, முகவைத் தண்ணீருக்குள் ஐதரில்லா என்ற நீர்ச்செடியை வைத்து, மேசை விளக்கைக் கிட்டக் கிட்டக் கொண்டுவந்து, நிமிடத்துக்கு எத்தனை ஒட்சிசன் குமிழி வருகிறது என்று எண்ணினேன். 40 சென்ரிமீற்றரில் 7, 20 இல் 24, 10 இல் 26. கொதித்தாறிய கிணற்றுத் தண்ணீர்தான் பாவித்தேன். பரிசோதனை பிழைத்துவிட்டதா?
– உயர்தர மாணவி, சாவகச்சேரி

பதில்: பிழைக்கவில்லை, பிள்ளை. அந்த 26 ஐ அழித்துவிட்டுப் புத்தகத்து வரைபுக்கு ஏற்ற ஓர் எண்ணை மட்டும் எழுதிப்போடாதேயும். இத்தனை வருசம் உயிரியல் படிப்பித்தவன் கேட்கிறேன். உம்முடைய கொப்பியில் பெறுமதியான எண் அதுதான்.

விளக்கின் தூரம் பாதியானால் செடியில் விழும் ஒளி நான்கு மடங்காகும். 40 இலிருந்து 20 க்கு வந்தபோது குமிழியும் ஏறத்தாழ அப்படியே கூடியிருக்கிறது. அதுவரை செடிக்குப் போதாமல் இருந்தது ஒளி. 20 இலிருந்து 10 க்கு வந்தபோது ஒளி திரும்பவும் நான்கு மடங்கு, குமிழியோ இரண்டுதான் கூட. அப்போ குறை வேறு எங்கோ. எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் வீதத்தைத் தீர்மானிக்கும் என்று 1905 இல் தாவரவியலாளர் பிளாக்மன் சொன்ன எல்லைப்படுத்தும் காரணி இதுதான்.

என் சந்தேகம் உம்முடைய தண்ணீரில். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவதால் இருகாபனேற்று நிறையக் கரைந்திருக்கும். ஒளித்தொகுப்புக்குக் காபனீரொட்சைட்டு வேணும்; ஐதரில்லா அதோடு இருகாபனேற்றையும் எடுத்துப் பயன்படுத்தும். கொதிக்க வைத்தால் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும், இருகாபனேற்றும் சிதைந்துவிடும். வீட்டுக் கேத்தலுக்குள் விரலை விட்டுச் சுரண்டிப் பாரும், வெள்ளையாய்ச் செதில் செதிலாக வருமே, அது அப்படிப் படிந்த கல்சியம் காபனேற்று. குடிக்க நல்ல தண்ணீர், ஆனால் செடிக்கு அதில் சாப்பாடு குறைவு.

சரி, இப்படிச் செய்யும். அதே தண்டு, அதே தண்ணீர். ஒரு சிட்டிகை அப்பச்சோடா (அதுவும் இருகாபனேற்றுத்தான்) போட்டுக் கரைத்துவிட்டு மூன்று தூரத்திலும் திரும்ப எண்ணும். 10 இல் குமிழி நன்றாகக் கூடினால் குறை காபனீரொட்சைட்டில்தான் இருந்தது. கூடாவிட்டால், அந்தச் செடியால் அதற்குமேல் ஒளியைப் பயன்படுத்த முடியவில்லையோ என்று யோசிக்கலாம்.

விளக்கு பழைய இழைக் குமிழ் என்றால் கிட்ட வரும்போது தண்ணீரும் சூடாகும். அப்புறம் ஒளியா வெப்பமா என்று பிரித்தறிய ஏலாது. நடுவில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் வையும், முகவைக்குள் வெப்பமானியும் இருக்கட்டும். விளக்கை நகர்த்திய கையோடு எண்ணத் தொடங்காமல் ஐந்து நிமிடம் பொறுத்து எண்ணும்.

குமிழிகளும் ஒரே பருமன் இல்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒடசின் உபகரணம் இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு வாங்கும். அதன் நுண்குழாயில் சேரும் வாயு நிரலின் நீளத்தை அளந்தால் எண்ணுவதைவிட நம்பகமாயிருக்கும். சோடாவுக்கு முன், பின் இரண்டு கோடுகளையும் ஒரே வரைபில் போட்டு எனக்கு அனுப்பும்.