ஏற்றத்தில் நிற்கும் கார்

அன்புள்ள ஐயாவுக்கு,

பழைய வாகனங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் தலவாக்கலையில் ஆசிரியர். பெரியப்பா தோட்டத்து ஸ்டோரில் டீமேக்கராக இருந்தவர். அவருடைய 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, அவர் காலமான பிறகு பத்து வருஷம் தகரக் கொட்டிலுக்குள் கிடந்தது. 2021இல் அதைக் கையில் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாடசாலை விடுமுறையிலும்தான் வேலை. தரைத் தகட்டை வெட்டி ஒட்டி, பெயின்ட் அடித்து, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

டவுனுக்குள் ஒரு குறையும் இல்லை. நுவரெலியாவுக்கு ஏறினால் மட்டும், லிந்துலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இழுவை குறைந்து, இருமி இருமி நின்றுவிடுகிறது. பத்து நிமிஷம் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது. டாங்கியை நிரப்பிக்கொண்டு போகிற நாளில்தான் கூடுதலாக நிற்கிறது, அது ஏன் என்று விளங்கவில்லை. காபரேட்டரை இரண்டு தரம் கழற்றிப் பூட்டினேன். கொயில், பிளக், பெற்றோல் பம்ப் எல்லாம் புதிது. 2022இல் வரிசையில் நின்று எடுத்த பெற்றோலை யாரும் உறிஞ்சிவிடக் கூடாதென்று மாட்டிய பூட்டு மூடியைத் தவிர, மற்றதெல்லாம் இந்த ஒரு கோளாறுக்காக வாங்கியவைதான். கராஜில் “பழைய எஞ்சினை இறக்கிவிட்டு ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் போடுங்கள் சேர்” என்கிறார்கள். அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. ஏப்ரல் சீசனுக்கு அவரை அந்தக் காரிலேயே நுவரெலியாவுக்குக் கூட்டிப்போக ஆசை. என்ன செய்யட்டும்?

ர., தலவாக்கலை

அன்புள்ள தம்பிக்கு,

எஞ்சினை இறக்க வேண்டாம். இன்னொரு பொருளும் வாங்க வேண்டாம். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் பூட்டு மூடியைத்தான் சொல்கிறேன்.

மைனரோடு வந்த பழைய மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை உண்டு. பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். துளையில்லாத மூடியைப் போட்டு இறுக்கினால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெற்றோலைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். பம்ப் இருப்பதோ முன்னால், எஞ்சின் அறையில். டாங்கி பின்னால். ஏற்றத்தில் காரின் முகம் மேலே, டாங்கி கீழே. ஏற்கெனவே கூடுதலாக உறிஞ்ச வேண்டிய நேரத்தில் இந்த வெற்றிடமும் எதிர்த்து நின்றால் பம்ப் தோற்றுப்போகும். பத்து நிமிஷத்தில் மூடியின் ஓரத்தால் காற்றுக் கசிந்து உள்ளே போய்விடும், கார் திரும்ப எடுக்கும். எஞ்சின் ஆறியதால் எடுத்தது என்று நாமும் நம்பிவிடுவோம்.

டாங்கி நிரம்பிய நாளில் கூடுதலாக நிற்பதற்கும் காரணம் இதுதான். டாங்கி பாதியாக இருந்தால் மேலே காற்று நிறைய இருக்கும், ஒரு லீற்றர் குறைந்தாலும் அழுத்தம் பெரிதாக இறங்காது. நிரம்பிய டாங்கியில் காற்றுக்கு இருப்பது ஒரு கையளவு இடம். அங்கே அதே ஒரு லீற்றர் அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும். உங்களுக்கு விளங்காமல் போன அந்த ஒரு வரிதான் எனக்கு வழி காட்டியது. அதை விடாமல் எழுதியதற்கு நன்றி.

அடுத்த தரம் நின்றவுடன் முதல் வேலையாக, ஆற விடாமல், பின்னால் போய் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். “உஸ்” என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால் ஆள் அகப்பட்டுவிட்டது. பழைய மூடி கொட்டிலில் கிடந்தால் அதையே மாட்டுங்கள்.

சத்தம் வராவிட்டால் பம்பிடம் போங்கள். மைனரில் இருக்கும் எஸ்யூ கம்பனியின் மின்சாரப் பம்ப் தன் நோயைத் தானே சொல்லும். சுவிட்சைப் போட்டதும் படபடவென்று நிற்காமல் அடித்தால் அது பெற்றோலுக்குப் பதில் காற்றையோ ஆவியையோ இழுக்கிறது. மெல்ல மெல்ல அடித்து, தொட முடியாத சூடாக இருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் அடைப்பு. சில அடி அடித்துவிட்டு அமைதியானால் காபரேட்டர் வரைக்கும் பெற்றோல் வந்துவிட்டது, இனிப் பார்க்க வேண்டியது மின்சாரப் பக்கம். படபடப்புக் கேட்டால் ஈரத்துணியைப் பம்பிலும் முன்பக்கக் குழாயிலும் சுற்றிப் பாருங்கள். துணி சுற்றியதும் எடுத்தால் பெற்றோல் ஆவியாகிக் குழாயை அடைத்திருக்கிறது. நம் மலையில் காற்றழுத்தம் குறைவு, பெற்றோல் கொழும்பை விடக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். குழாய் எஞ்சின் சூட்டுக்கு எவ்வளவு கிட்ட ஓடுகிறது என்று பார்த்துத் தள்ளிக் கட்டுங்கள்.

எந்தச் சோதனையும் நின்ற முதல் இரண்டு நிமிஷத்துக்குள் நடக்க வேண்டும். இதை நான் படித்துக்கொண்டது செலவழித்துத்தான். என் மைனர் இரண்டு வருஷம் இறம்பொடை ஏற்றத்தில் நின்று நின்று வந்தது. வழியில் நிற்கும், நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஆறும்வரை காத்திருப்பேன், ஆறியதும் ஓட்டிக்கொண்டு வந்து கராஜில் விடுவேன். அங்கே அது நோயே இல்லாததுபோல் ஓடும். ஊகத்தில் ஒவ்வொன்றாக மாற்றினார்கள்: கொயில் இரண்டு, கண்டன்சர் மூன்று, ஒரு முழுக் காபரேட்டர். கடைசியில் ஹட்டனில் ஒரு வயதான மெக்கானிக் பாஸ், மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். அதற்கு வரும் வெக்கியூம் குழாயின் மறுமுனையைக் காபரேட்டரிலிருந்து எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினார். உள்ளே தட்டு லேசாகத் திரும்பியது. அதோடு சேர்ந்து திரும்பிய சின்ன வயர் ஒன்றின் மேலுறை வெடித்து, உள்ளே செம்பு தெரிந்தது. உறிஞ்சும்போது செம்பு பக்கச் சுவரில் பட்டது, விட்டதும் விலகியது. இரண்டு அங்குல வயர். நான் அந்தத் தட்டை அசைத்துப் பார்த்ததே இல்லை.

அதனால்தான் எஞ்சின் மாற்றுவதை இவ்வளவு எதிர்க்கிறேன். ஜப்பான் எஞ்சினுக்கும் பெற்றோல் வருவது அதே டாங்கியிலிருந்து, அதே மூடிக்குக் கீழே இருந்துதான். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது, மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் மாற்றிப் பதிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 948 சிசி எஞ்சின் உங்கள் பெரியப்பா கேட்ட சத்தம். அப்பா வேண்டாம் என்பதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். உதிரிப்பாகம் கிடைக்காது என்ற கவலையும் வேண்டாம். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ல்ஸ் வெயார், தொண்ணூறுகளில் மைனருக்கான தகடுகளை நம் நாட்டிலேயே செய்வித்து அங்கே கொண்டுபோனார். இந்தக் கார் பிறந்த நாட்டுக்கே இங்கிருந்து தகடு போயிருக்கிறது.

கோளாறு தீர்ந்ததும் காபரேட்டரை நுவரெலியாவிலேயே வைத்து ஒரு தரம் சரிபாருங்கள். 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்தால் கலவையில் பெற்றோல் கூடிவிடும், பிளக் கரி பிடிக்கும். எஞ்சின் சூடானபின், மெதுவோட்டத்தில், காபரேட்டர் பிஸ்டனை ஒரு மயிரிழை தூக்குங்கள். சத்தம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. அமுங்கி நிற்கப் பார்த்தால் குறைவு. சற்று ஏறித் திரும்பினால் சரி. காபரேட்டரின் கீழே உள்ள நட்டை மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும். நட்டின் ஆறு பக்கத்தில் ஒவ்வொரு பக்கமாக, அதாவது ஒரு பட்டையாகத் திருப்பி, எத்தனை பட்டை என்று எழுதி வையுங்கள். கொழும்புக்கு இறங்கும்போது அத்தனையும் திரும்ப இறக்க வேண்டும், இல்லாவிட்டால் சமவெளியில் எஞ்சின் கொதிக்கும். இன்னொன்று, 2002இல் நம் பெற்றோலிலிருந்து ஈயம் போய்விட்டது. பழைய எஞ்சின் ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் வெறும் வார்ப்பிரும்பு, ஈயத்தின் காப்பு இல்லாமல் ஏற்றத்தில் இழுக்க இழுக்கத் தேயும். வால்வுக்கு விட வேண்டிய டப்பெட் இடைவெளி 0.012 அங்குலம். அது திரும்பத் திரும்பக் குறைந்தால், ஹெட்டைக் கழற்றும் நாளில் கடின வால்வு இருக்கை போட்டுவிடுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. ஏறுவது பற்றி எழுதினீர்கள், இறங்குவது பற்றி ஒரு வரியும் இல்லை. பெயின்ட் அடித்ததாக எழுதினீர்கள், பிரேக் பற்றி எழுதவில்லை. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் ஏழு உயிர் போனது நமக்கெல்லாம் தெரியும். உங்கள் காருக்கு நான்கு சில்லுக்கும் சேர்த்து ஒரே பிரேக் சுற்று. ஒரு ரப்பர் கிழிந்தால் பெடல் தரைக்குப் போகும். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில் தரைக்குக் கீழே இருப்பதால் பலர் அதைத் தொடுவதே இல்லை. பத்து வருஷம் கொட்டிலில் கிடந்த காரில் அந்த ரப்பர்களும் குழாய்களும் பிரேக் எண்ணெயும் எல்லாமே புதிதாக வேண்டும். செலவைப் பார்க்காதீர்கள்.

முன்சில்லுகள் திரும்பும் அச்சாணியான கிங்பின்னும் அப்படித்தான். மரையில் ஏறி நிற்கும் அந்தத் துண்டு தேய்ந்தால், வளைவில் சில்லு உள்ளே மடிந்து கார் மூக்கால் உட்காரும். ஜாக்கில் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அப்போதும் ஆட்டம் இருந்தால் அது பெயாரிங் அல்ல, கிங்பின். எனது காரில் கிரீஸ் நிப்பிளின் வாயைப் பெயின்ட் அடைத்திருந்தது. வெளியே பளபளவென்று இருந்தது, உள்ளே ஒரு சொட்டுக் கிரீஸ் இல்லை. உங்களுடையதும் புதுப் பெயின்ட். ஊசியால் சுரண்டித் திறந்து, மேலும் கீழும் கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள். பிறகு ஆயிரம் மைலுக்கு ஒரு தரம். ஜாக்கில் தூக்கியிருக்கும்போதே கதவு இடைவெளியையும் பாருங்கள். இடைவெளி நெருங்கினால் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற தகட்டுப் பெட்டி துருப்பிடித்திருக்கிறது, பூசிய பட்டிப் பசைக்குக் கீழே தகடு இல்லை.

அப்பாவை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பின்னால் வருகிற வான் எவ்வளவு ஹோர்ன் அடித்தாலும் பரவாயில்லை, ஒதுங்கி வழி விடுங்கள்.

இந்த ஞாயிறு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். சத்தம் வராவிட்டால், பம்ப் எப்படி அடித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.