வளையத்தின் அகலத்தை வைத்து மருந்தை எடைபோடலாமா?

கேள்வி: காரைக்குடியில் நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன். ஆறாத புண்ணை ஆவாரம்பட்டைக் கஷாயத்தால் கழுவச் சொல்வார் எங்கள் அப்பத்தா. அந்தப் பட்டையை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றை, மெத்திசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் (எம்.ஆர்.எஸ்.ஏ.) கிருமிமீது டிஸ்க் முறையில், அதாவது சாறேற்றிய சிறு காகித வட்டைக் கிருமி பரப்பிய தட்டில் வைத்து, சோதித்தேன். டிஸ்க்குக்கு 2 மில்லிகிராம் சாறு வைத்ததில் கிருமி வளராத 15 மி.மீ. தடை வளையம் கிடைத்தது. இக்கிருமிக்குக் கொடுக்கப்படும் வான்கோமைசின் மருந்துக்கு 17 மி.மீ. என் சாறு வான்கோமைசினுக்கு ஏறக்குறைய நிகரானது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: அந்த வாக்கியத்தை எழுத வேண்டாம். வழக்கமான வான்கோமைசின் டிஸ்க்கில் இருப்பது 30 மைக்ரோகிராம் மருந்து. நீங்கள் வைத்த சாறோ 2,000 மைக்ரோகிராம், அதாவது அறுபது மடங்குக்கும் மேல். மேலும், ஒரு பொருள் அகாரில் (கிருமி வளர்க்கும் கூழில்) எவ்வளவு தூரம் பரவும் என்பது அதன் மூலக்கூறின் பருமனையும் நீரில் கரையும் இயல்பையும் பொறுத்தது. வான்கோமைசின் ஏறத்தாழ 1,450 டால்டன் எடையுள்ள பெரிய மூலக்கூறு என்பதால் மெதுவாகவே பரவும். இக்கிருமி வான்கோமைசினுக்குக் கட்டுப்படுமா என்பதை டிஸ்க்கின் வளையத்தால் நம்பகமாகப் பிரித்தறிய முடியாததால்தான், மருத்துவ ஆய்வகங்கள் அதற்குக் குறைந்தபட்சத் தடைச் செறிவை, அதாவது கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவை, அளக்கின்றன. உங்கள் 15 மி.மீ. வளையம், சாற்றில் ஏதோ ஒரு செயல் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது.

நீங்களும் அந்தச் செறிவைத்தான் அளக்க வேண்டும். 96 குழித் தட்டில் முல்லர்–ஹின்டன் திரவ ஊடகத்தை ஊற்றி, மில்லிலிட்டருக்கு 1,024 மைக்ரோகிராமில் தொடங்கிப் பாதி பாதியாகச் சாற்றை நீர்க்கச் செய்து, ஒவ்வொரு குழியிலும் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 5 லட்சம் கிருமிகள் இருக்கும்படி சேர்த்து, 35 டிகிரி வெப்பத்தில் வைத்துப் பாருங்கள். சாற்றைக் கரைக்க டைமெத்தில் சல்ஃபாக்சைடு பயன்படுத்தினால் இறுதி அளவு 1 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். கரைப்பான் மட்டும் உள்ள குழி, கிருமி மட்டும் உள்ள குழி, சாறு மட்டும் உள்ள குழி, வான்கோமைசின் குழி ஆகிய நான்கும் கட்டாயம். பட்டைச் சாற்றின் பழுப்பு நிறம், கிருமி வளர்ந்ததைக் காட்டும் கலங்கலை மறைக்கும் என்பதால் பலர் ரெசாசுரின் சாயம் சேர்ப்பார்கள். உயிருள்ள கிருமி அந்த நீலத்தை இளஞ்சிவப்பாக்கும். ஆனால் சாற்றிலுள்ள ஃபீனாலிகப் பொருள்கள் கிருமியே இல்லாமலும் நிறத்தை மாற்றக்கூடும், ஆகவே சாறு மட்டும் உள்ள குழியைப் பார்க்காமல் முடிவெழுதாதீர்கள்.

கச்சாச் சாறு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குள் தடுத்தால் மேற்கொண்டு பிரித்தாய்வது தகும் என்பதும், 1,000-க்கு மேல் போனால் அதைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை என்பதும் இத்துறையில் பரவலாகக் கைக்கொள்ளப்படும் அளவுகோல். வான்கோமைசினோ 2 மைக்ரோகிராமிலேயே தடுத்துவிட வேண்டும். அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் "நிகர்" என்ற சொல் தானாகவே விலகிவிடும்.

நீங்கள் எடுத்தது ஆவாரம்பட்டை என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் தோல் பதனிட நெடுங்காலமாகப் பயன்பட்ட பட்டை இது. காரணம் அதில் செறிந்துள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள். டானின் புரதங்களைப் பற்றிக்கொள்ளும், இரும்பையும் கட்டிவைக்கும். பதனிடும் தொட்டியில் தோலின் புரதத்தைப் பற்றுவதுபோலவே உங்கள் குழியிலும் கிருமியின் நொதிகளையும் ஊடகத்தின் புரதங்களையும் அது பற்றலாம். அப்படிக் கிடைக்கும் தடையை எம்.ஆர்.எஸ்.ஏ.வைக் குறிவைத்த மருந்தின் வேலை என்று கொள்ள முடியாது. சாற்றின் ஒரு பகுதியைப் பாலிவினைல்பாலிபைரோலிடோன் தூளுடன் கலக்கி வடித்து டானினை நீக்கி, அதையும் மூலச் சாற்றையும் அருகருகே சோதியுங்கள். நீக்கிய பின் செயல் பெரும்பாலும் மறைந்தால், செய்தது டானின்தான் என்று நேர்மையாக எழுதலாம்; செயல் நிலைத்தால் உங்கள் கையில் உண்மையிலேயே தேடத்தக்க பொருள் இருக்கிறது. என் கணிப்பில், ஆய்வேட்டின் மிக மதிப்புள்ள பக்கம் இந்தச் சோதனையிலிருந்தே வரும்.

எதிர்ப்பில்லாத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வகை ஒன்றையும் கூடவே வளர்த்துப் பாருங்கள்; சண்டிகரிலுள்ள எம்.டி.சி.சி. நுண்ணுயிரிச் சேகரத்திலிருந்து தரமான கிருமி வகைகளை வாங்கலாம். உங்கள் கிருமி உண்மையில் எம்.ஆர்.எஸ்.ஏ.தானா என்பதை 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் டிஸ்க்கால் உறுதிசெய்யுங்கள். வளையம் 21 மி.மீ. அல்லது அதற்குக் கீழிருந்தால் அது எதிர்ப்புள்ள வகை.

அப்பத்தாவின் கஷாயம் நீரில் காய்ச்சியது, நீங்கள் சோதித்ததோ மெத்தனால் சாறு. வீட்டு வழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால், அவர் காய்ச்சும் முறையிலேயே காய்ச்சி, வடித்து, உலர்த்தி, அதையும் தட்டில் வையுங்கள். ஆய்வகச் சாற்றை யார் புண்ணிலும் தடவ வேண்டாம், அது உடல் செல்களுக்கு நஞ்சா என்று பார்க்கும் செல்நச்சுச் சோதனை இன்னும் நடக்கவில்லை. சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண் இருந்தால் கஷாயத்தை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பட்டை எடுத்த செடியின் பூவும் இலையும் காயும் உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, எந்தக் கண்மாய்க் கரையில் எந்த மாதம் எடுத்தது என்ற குறிப்புடன், திருச்சி ராபினாட் தாவரகத்திலோ கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ அடையாளம் உறுதிசெய்து, அங்கே அந்த மாதிரிக்குத் தரும் எண்ணை ஆய்வேட்டில் சேருங்கள்.