எப்பவும் நானேதான் ரயில் ஏறணுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. கோவையில் ஒரு நூல் மில்லில் கணக்குப் பிரிவில் வேலை. அவர் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார். நான்கு வருஷக் காதல். மாதம் ஒரு தடவை வெள்ளி இரவு சேரன் எக்ஸ்பிரஸில் போய், ஞாயிறு இரவு கிளம்பி, திங்கள் காலை நேராக மில்லுக்குப் போவேன். அவர் கோவை வந்தது இரண்டே தடவை; இரண்டும் நண்பர்கள் கல்யாணத்துக்கு. வீட்டில் சொல்லச் சொன்னால், "அக்கா கல்யாணம் முடியட்டும்" என்றார். முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நல்லவர்தான், கோபமே வராது. இழுத்துப் பிடிக்கலாமா, விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், கோவை.

பதில்: அந்த இரண்டு கல்யாணமும் நடக்காமல் இருந்திருந்தால் அவர் கோவைப் பக்கமே வந்திருக்க மாட்டார், அப்படித்தானே அம்மணி? தூரத்தைக் காரணம் சொல்லாதே. இங்கிருந்து சென்னைக்குச் சுமார் 500 கிலோமீட்டர் என்றால், அங்கிருந்து இங்கேயும் அதே 500தான். கோபமே வராதாம்! டிக்கெட் காசும் உன்னுடையது, திங்கட்கிழமைத் தூக்கமும் உன்னுடையது. அவருக்கு எதற்குக் கோபம் வரப்போகிறது?

1992-ல் நான் திருச்சியில் விடுதியில் இருந்தேன். என் வீட்டுக்காரர் ஓசூரில். ராத்திரியில் வெளியூர் போன் கட்டணம் கால் பங்குதான் என்பதற்காக எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நிற்பார். கண்ணெல்லாம் மீட்டரில்தான். "பதினெட்டு ரூபாய் ஆச்சு, வச்சிடறேன்" என்பார். அவ்வளவுதான் எங்கள் காதல் வசனம். ராத்திரியில் என்னால் வெளியே போக முடியாது. அதனால் அடுத்த வாரம் என் முறைக்கு இன்லண்டு லெட்டர், மடிக்கிற ஓரம்வரை நுணுக்கி எழுதி. அவர் ஒரு வாரம், நான் ஒரு வாரம். முறை தப்பினால் சண்டை வரும். வரத்தான் வேண்டும்.

உன் வீட்டில் நீ சொல்லிவிட்டாயா? அதை எழுதவே இல்லையே. இல்லையென்றால் முதலில் போய்ச் சொல். அவரைக் கேட்க அப்புறம்தான் உனக்கு வாய் வரும்.

அடுத்தது, டிக்கெட் போடுவதை நிறுத்து. "இந்தத் தடவை நீங்க வாங்க, எங்கம்மாவைப் பார்க்கலாம்" என்று போனில் சொல், வாட்ஸ்அப்பில் வேண்டாம். அழுகை, சண்டை எதுவும் வேண்டாம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. அந்த 60 நாளை அவருக்குக் கொடு. தட்கலில் வந்தாலும் சரி, பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாலும் சரி, கணக்கில் சேர்த்துக்கொள். அதற்குள் "பார்க்கலாம்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லையென்றால், உன் இடத்தில் நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

வந்தார் என்றால், ஜங்ஷனுக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடாதே. ஆட்டோ பிடித்து, நாலு பேரிடம் வழி கேட்டு வரட்டும்.