இருமொழி மாகாணம் கியூபெக் இல்லை

கனடாவின் இருமொழி மாகாணம் எது என்ற கேள்விக்கு, உங்கள் அக்காவை நியூ பிரன்ஸ்விக் என்று போடச் சொல்லுங்கள். கனடாவின் ஒரே அதிகாரபூர்வ இருமொழி மாகாணம் அதுதான். கனடியக் குடியுரிமைத் தேர்வுப் பயிற்சியில் அவர் விடையாகப் போட்ட கியூபெக்கின் ஆட்சிமொழி பிரெஞ்சு மட்டும்.

1969ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தை நினைத்துக் குழம்பியிருப்பா. அது ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டையும் கூட்டாட்சி அரசின் ஆட்சிமொழிகள் ஆக்கியது. மாகாணங்களின் கதை வேறு. திருகோணமலையில் மும்மொழிப் பலகை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாதுதான்.

கேள்வியில் 'கூட்டாட்சி' என்றிருக்கிறதா, 'மாகாணம்' என்றிருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். அப்புறம், கனடாவின் பழங்குடிகளான முதற்குடிகள், இனுவிட், மெத்தி மூன்றும் தனித்தனி மக்கள்; அதிலும் இதே சறுக்கல் வரும்.

பயிற்சிப் பிரதி பழசென்றால் கவனம்: நாட்டின் தலைவர் யார் என்பதற்கு எலிசபெத் அரசி என்ற விடை 2022க்குப் பிறகு செல்லாது, இப்போது சார்ள்ஸ் மன்னர்.