ஒரே கேவிட்டிக்கு ஒருவர் 14, இன்னொருவர் 9: யார் சரி?

கேள்வி: பல் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இரண்டாம் ஆண்டு பி.டி.எஸ். மாணவர்களுக்குப் பேன்டம் லேபில் (பொம்மைத் தலையில் பல் பொருத்திப் பழகும் ஆய்வகம்) கிளாஸ் 2 கேவிட்டி, அதாவது கடைவாய்ப்பல்லில் பக்கத்துப் பல்லை ஒட்டிய பக்கத்தை அடைப்பதற்காகக் குழி வெட்டுவது, சொல்லித் தருகிறேன். டெமோவை நன்றாகத்தான் கவனிக்கிறார்கள். ஆனால் ஏர்ரோட்டரை (பல்லை வெட்டும் அதிவேகக் கருவி) பிடித்ததும் கை வருவதில்லை. போன இன்டர்னல் தேர்வில் ஒரே பல்லுக்கு நான் 20-க்கு 14 போட்டேன். சக ஆசிரியர் 9 போட்டார். அந்த மாணவி அழுதுவிட்டார். எங்கே சரிசெய்வது?

பதில்: இரண்டு கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்று. நல்ல கேவிட்டி எப்படி இருக்கும் என்பது நம் கண்ணில் பழகிப்போய் இருக்கிறது. அதை மாணவர் தானே அளந்து பார்க்கும்படி நாம் சொல்லிவைக்கவில்லை. சொல்லாததால்தான் நமக்குள்ளும் மார்க் வேறுபடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லை வெட்டிக்கொண்டு வந்தார். பார்த்தவுடனே கேவிட்டியின் தளம் சாய்ந்திருப்பது தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் வில்லியம்ஸ் ப்ரோபை (மி.மீ. கோடுகள் போட்ட அளவுக் கம்பி) அவர் கையில் கொடுத்து, "மூணு இடத்துல ஆழம் பாரும்மா" என்றேன். முன்பக்கம் 2 மி.மீ. கோட்டைக்கூடத் தொடவில்லை. பின்பக்கம் 3 மி.மீ. கோடு உள்ளே போய்விட்டது. அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார், கையை வைத்துப் பார்த்தார், பிறகு கூப்பிட்டார்: "மேடம், பல்லுமேல விரல ஊணாம கன்னத்து ரப்பர்ல ஊணியிருக்கேன், அது அமுங்குது." பிங்கர் ரெஸ்ட், அதாவது வெட்டும்போது விரலை எங்கே ஊன்றுவது என்பது பற்றி நான் மூன்று வகுப்பு பேசியிருந்தேன். அந்தப் பேச்சு செய்யாததை அந்த ஒரு அளவு செய்தது.

ஆகவே உங்கள் லேபில் ஒரு விதி வையுங்கள்: மாணவர் தானே அளந்து, தன் குறையைத் தாளில் எழுதாமல் எந்தப் பல்லும் ஆசிரியர் மேசைக்கு வரக்கூடாது. அளவுக்குக் கருவி கையிலேயே இருக்கிறது. ஏர்ரோட்டரில் மாட்டும் வெட்டுமுனைதான் பர்; அதில் 245 எண் பர்ரின் தலை 3 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. விட்டம். தலையில் பாதி இறங்கினால் 1.5 மி.மீ. ஆழம் ஆகிவிடும். பக்கத்துப் பல்லுக்கும், அதை ஒட்டிய பக்கத்தில் கேவிட்டி கீழிறங்கும் பகுதியான பெட்டியின் சுவருக்கும் இடையே அரை மி.மீ. போல இடைவெளி வேண்டும். எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்முனைக் கருவியின் நுனி போய்வந்தால் போதும். 0.8 மி.மீ. பர்ரை அந்த இடுக்கில் ஓட்டினால் பக்கத்துப் பல் கட்டாயம் கீறும். மெல்லிய எனாமல் தகடு ஒன்றை விட்டுவைத்து, அதைக் கைக்கருவியால் உடைக்கச் சொல்வது இதற்காகத்தான். இந்தக் காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால் யாரும் மறப்பதில்லை.

டெமோவையும் சற்று மாற்றலாம். பிரிட்டனின் அறுவை மருத்துவர் பேட்டன் 1998-இல் சொன்ன நான்கு படிகள் பல் மருத்துவத்துக்கு நன்றாகப் பொருந்துகின்றன. முதலில் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்துகாட்டுவது. பிறகு மெதுவாக, விளக்கத்தோடு. மூன்றாவதில் மாணவர் வாயால் சொல்லச் சொல்ல, ஆசிரியர் அதன்படி செய்வது. கடைசியில் மாணவரே சொல்லிச் செய்வது. நம் லேபுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது மூன்றாவது படி. "பர்ரை எந்தக் கோணத்தில் வைக்கட்டும்?" என்று நீங்கள் கேட்டுக் காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் யாருக்குப் புரியவில்லை என்று தெரியும். நாற்பது பேரோடு இதைச் செய்ய முடியாது. ஐந்தாறு பேராகப் பிரியுங்கள்.

மேல்தாடைப் பல் வேறு கதை. கண்ணாடியில் பார்க்கும்போது கை எதிர்ப்பக்கம் போகும். ஏர்ரோட்டரைத் தொடுமுன் கிராஃப் தாளை மௌத் மிரரில் மட்டும் பார்த்து, பென்சிலால் கட்டங்களைத் தொடரச் சொல்லுங்கள். தினம் பத்து நிமிடம் போதும்.

இனி மார்க். முழுப் பல்லையும் ஒரு பார்வை பார்த்து 20-க்கு ஓர் எண் போடுவதை நிறுத்திவிடுங்கள். வெளிவடிவம், ஆழம், சுவர்கள், பெட்டி, முடிப்பு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்றே நிலை வையுங்கள்: சரி, திருத்தலாம், தவறு. நிலைகள் கூடக்கூட ஆசிரியர்களின் கருத்தும் சிதறும். பக்கத்துப் பல் வெட்டுப்பட்டாலோ, பல்கூழ் (பல்லுக்குள் நரம்புள்ள பகுதி) இருக்கும் ஆழத்துக்கு பர் போனாலோ, மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் தேர்ச்சி இல்லை. இதை முதல் நாளே சுவரில் ஒட்டிவிடுங்கள். நாளைக்கு அந்த இடத்தில் ஒரு நோயாளியின் பல் இருக்கும். இதில் நான் இரக்கம் பார்ப்பதில்லை.

தாள் மட்டும் போதாது, மதிப்பிடும் கண்களும் ஒத்துப்போக வேண்டும். மாணவர்கள் வெட்டிய பத்துப் பற்களைப் பெயரில்லாமல் எண்ணிட்டு வையுங்கள். நீங்களும் சக ஆசிரியரும் தனித்தனியே மதிப்பிட்டு, வேறுபட்ட பற்களை மட்டும் ப்ரோபோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஒரு வாரம் கழித்து அதே பற்களை வரிசை மாற்றி மீண்டும் மதிப்பிடுங்கள். சக ஆசிரியரோடு மட்டும் அல்ல, போன வாரத்து நம்மோடும் நாம் முரண்படுகிறோம் என்பது அப்போது தெரியும். எனக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் இதை ஒருமுறை செய்யுங்கள்.

அந்த மாணவியின் பல் இன்னும் இருக்கிறதா? இருந்தால் நீங்கள் இருவரும் அவரோடு உட்காருங்கள். ப்ரோபை முதலில் அவர் கையில் கொடுங்கள்.