பத்து வாரத்தில் ஆராய்ச்சியா?

கேள்வி: அமெரிக்காவில் பிறந்து, அங்கேயே மருத்துவம் முதலாண்டு படிக்கும் என் பேத்தி, கோடை விடுமுறையில் ஊருக்கு வராமல் இதய, நுரையீரல் ஆய்வுப் பயிற்சிக்குப் போகிறாளாம். பத்து வாரத்தில் எதை ஆராய முடியும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் ஐயம் நியாயமானதே. 1948இல் இதயத்துக்கென்று தொடங்கப்பட்டு, 1969இல் நுரையீரலையும் 1976இல் இரத்தத்தையும் பெயரில் சேர்த்துக்கொண்ட அமெரிக்கத் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம், ‘டி35’ என்னும் நிதியைக் கல்வி நிறுவனங்களுக்கு வழங்குகிறது. அதைக் கொண்டு அவை மாணவர்களை இரண்டு, மூன்று மாதங்கள் ஆய்வாளர் ஒருவரின் கீழ் அமர்த்தி, உதவித்தொகையும் தருகின்றன. பேத்தி சொல்வது இதுவாக இருக்கலாம். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கே இது உரியது. அவருக்கு அதில் தடையில்லை.

இந்தப் பத்து வாரத்தில் புது மருந்து எதுவும் பிறந்துவிடாது. ஆனால், நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் உயரும்போது இதயத்தின் வலக் கீழறை ஏன் தளர்கிறது என்ற பெருங்கேள்வியை, ஏற்கெனவே திரட்டப்பட்ட எக்கோ படங்களில் அவ்வறையை அளந்து ஒப்பிடும் சிறு வேலையாகச் சுருக்கிக்கொள்ள மாணவர் கற்கிறார். பாடநூல் கற்றுத்தராத வித்தை இது. வழிகாட்டி வாரந்தோறும் உடன் அமர்ந்து பேசுபவரா என்று மட்டும் பேத்தியிடம் கேளுங்கள். எப்போதும் பயணத்திலிருக்கும் புகழ்பெற்ற பேராசிரியரைவிட அத்தகையவரே மேல் என்பது என் கருத்து.