யாருடைய போர்?

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சிமோன் வெய்ல் பற்றிய உங்கள் குறிப்பில், 1936-இல் அவர் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போய் அனார்க்கிஸ்டுகளின் படையில் சேர்ந்தார் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு இரண்டு கேள்விகள். அரசும் ராணுவமும் கூடாது என்பவர்கள் துப்பாக்கி ஏந்திப் படையில் நிற்பது முரண்பாடு இல்லையா? அடுத்த நாட்டுக்காரர்களின் சண்டையில் போய்ச் சாக வேண்டிய தேவை என்ன? சர்வதேசப் படையணிகளில் சேர்ந்தவர்களைக் கம்யூனிஸ்ட் இயக்கம் திரட்டி அனுப்பியது, அது புரிகிறது. இவர்களை அனுப்பியது யார்? சாகசம் தேடிப் போனவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆர்.கே., கோவில்பட்டி

அன்புள்ள ஆர்.கே.,

இவர்களை யாரும் அனுப்பவில்லை. முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

நீங்கள் குறிப்பிடும் சர்வதேசப் படையணிகள் 1936 அக்டோபரில்தான் அல்பசெத்தே நகரில் திரளத் தொடங்கின. நான் சொல்பவர்கள் அதற்கு முன்பே போனவர்கள். ஜூலை 19-ஆம் தேதி பார்சிலோனாவின் தொழிலாளர்கள் தெருவில் இறங்கி, பிராங்கோ முதலிய தளபதிகள் குடியரசு அரசாங்கத்துக்கு எதிராகத் தொடங்கிய ராணுவக் கலகத்தைத் தங்கள் நகரில் முறியடித்தார்கள். ஐந்து நாளில், அனார்க்கிஸ்ட் தலைவர் புவெனவெந்துரா துர்ருத்தியின் படை கலகக்காரர்கள் கையில் இருந்த சரகோசா நகரை நோக்கிப் புறப்பட்டது. அடுத்த சில வாரங்களில் பிரான்சின் எல்லையைக் கடந்து பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் ஜெர்மானியர்களும் ஒருவர் இருவராக வந்து சேர்ந்தார்கள். துர்ருத்தி படைக்குள் அவர்களுக்கென்று ஒரு சர்வதேசக் குழு உருவானது. இத்தாலியர்கள் பலர் அஸ்காசோ படை என்ற இன்னொரு அனார்க்கிஸ்ட் படையில் சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 28-ஆம் தேதி உவெஸ்கா நகருக்கு அருகே, மோந்தே பெலாதோ என்ற மொட்டைக் குன்றில் அவர்கள் முதல் சண்டையைச் சந்தித்தார்கள்.

இவர்களில் பலருக்குத் திரும்பிப் போக நாடு இல்லை. முசோலினியின் இத்தாலியிலிருந்தும் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்தும் தப்பியவர்கள் அவர்கள். காமில்லோ பெர்னேரி என்ற தத்துவ ஆசிரியர் 1926-இல் இத்தாலியை விட்டு வெளியேறினார். அதன் பிறகு பத்து ஆண்டுகள் ஒவ்வொரு நாடாகச் சிறை, வெளியேற்றம், மறுபடியும் சிறை. அவரைத் துரத்திய அதே முசோலினியின் விமானங்கள் இப்போது பிராங்கோவுக்காகப் பறந்தன. அவரிடம் போய் இது அடுத்தவர் சண்டை என்று எப்படிச் சொல்வது?

உங்கள் முதல் கேள்வி கனமானது. நம் செய்தித்தாள்கள் கலவரத்துக்கும் ரவுடித்தனத்துக்கும் 'அராஜகம்' என்ற சொல்லை எழுதி எழுதி அதைக் கெடுத்துவிட்டன. அதனால் நான் அரசின்மைவாதிகள் என்றே எழுதுகிறேன். அவர்கள் படை நடத்திய விதத்தில் அந்தக் கொள்கையைக் காப்பாற்ற உண்மையாகவே முயன்றார்கள். பதவிப் பட்டைகள் இல்லை, சல்யூட் இல்லை. ஒவ்வொரு குழுவும் நூற்றுவர் அணியும் தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுத்தது, வேண்டாமென்றால் மாற்றியது. எல்லோருக்கும் ஒரே ஊதியம், நாளொன்றுக்குப் பத்து பெசெத்தா. ஆனால் கொல்வதை வாக்கெடுப்பால் மென்மையாக்க முடியாது. அங்கேதான் முரண்பாடு இருந்தது. அதை முதலில் கண்டு சொன்னதும் அவர்களோடு நின்றவர்களே.

வெய்ல் துர்ருத்தி படையின் சர்வதேசக் குழுவோடு பினா என்ற ஊரருகே, எப்ரோ ஆற்றங்கரையில் இருந்தார். கடுமையான கிட்டப்பார்வை. விமானத்திலிருந்து புகை தெரியாமல் இருக்கக் குழி தோண்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் அவர் கால் வைத்துவிட்டார். வெந்த காலோடு அவரைப் பின்னால் அனுப்பினார்கள். அவர் இல்லாத நிலையில் அக்டோபர் 16 அன்று பெர்திகெராவில் சர்வதேசக் குழு சிக்கிக்கொண்டது. குழுவின் தலைவர் லூயி பெர்தொமியூவும், செவிலியாக வந்த பெண்களும் உட்படப் பலர் அங்கே மடிந்தார்கள். ஓர் எண்ணெய்ச் சட்டிதான் வெய்லைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

1938-இல் அவர் பெர்னானோஸ் என்ற பிரெஞ்சு எழுத்தாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். பெர்னானோஸ் கத்தோலிக்கர், முடியாட்சியை விரும்பியவர். ஆனால் பிராங்கோ தரப்பின் படுகொலைகளை மயோர்க்கா தீவில் கண்ணால் பார்த்து, அதை வெளியே சொன்னவர். வெய்ல் அவருக்குத் தன் பக்கத்தின் கதையைச் சொன்னார். குழுவிடம் ஒரு பதினைந்து வயதுச் சிறுவன் பிடிபட்டான், பிராங்கோ தரப்பில் சண்டையிட்டவன். கட்டாயப்படுத்திச் சேர்த்தார்கள் என்றான். சோதித்தபோது மாதாவின் பதக்கமும் பிராங்கோ தரப்பு ஃபலாஞ்சே கட்சியின் அட்டையும் இருந்தன. துர்ருத்தி அவனிடம் ஒரு மணி நேரம் தன் இலட்சியத்தின் அழகை விளக்கினார். பிறகு எங்களோடு சேர், அல்லது சாவு என்று சொல்லி, யோசிக்க இருபத்து நான்கு மணி நேரம் கொடுத்தார். சிறுவன் மறுத்தான். சுட்டார்கள்.

அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் நின்றுவிடுகிறேன். யாரையும் யாரும் கட்டாயப்படுத்தாத உலகத்தைப் பற்றி, மரணத்தைக் காட்டி ஒரு குழந்தையிடம் பேசிய மணி நேரம் அது. வெய்ல் அதைச் செய்தியாகத்தான் பின்னர் கேட்டார். ஆனாலும் அந்தச் சாவு தன் மனசாட்சியில் கனக்கிறது என்று எழுதினார். இப்படி எழுதியவரைச் சாகசம் தேடிப் போனவர் என்று என்னால் சொல்ல முடியாது, ஆர்.கே.

பெர்னேரியும் அதே வகை மனிதர். நவம்பரில் அரசின்மைவாத இயக்கத்தார் நான்கு பேர் அமைச்சர்கள் ஆனார்கள். குடிப்படைகளை முறையான ராணுவமாக மாற்றும் ஆணைகள் வந்தன. வெளிநாட்டுத் தொண்டர்களில் பலர் மனம் கசந்து விலகினார்கள், பலர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். பெர்னேரி பார்சிலோனாவில் பத்திரிகை நடத்தியபடி, அமைச்சராகிவிட்ட தன் தோழி பெதெரிகா மொந்த்செனிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அவர் எழுப்பிய இன்னொரு கேள்வி, ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மொரோக்கோ பகுதி. பிராங்கோவின் வலிமை அங்கே திரட்டிய படையில் இருந்தது. மொரோக்கோவுக்கு விடுதலை அறிவியுங்கள், அவன் காலடி நழுவும் என்றார். பிரான்சும் பிரிட்டனும் கோபிக்குமே என்று குடியரசு அரசாங்கம் அதைச் செய்யவில்லை. 1937 மே 5 அன்று, குடியரசு முகாமுக்குள்ளேயே தெருச்சண்டை நடந்த நாட்களில், பெர்னேரியை வீட்டிலிருந்து கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். ஸ்டாலின் ஆதரவாளர்களே கொன்றார்கள் என்று அவருடைய தோழர்கள் குற்றம் சாட்டினார்கள்.

மொரோக்கோ என்றதும் எனக்கு நம் ஊர்க்காரர் ஒருவர் நினைவு வருகிறார். 1909 ஜூலையில், மொரோக்கோவின் ரிஃப் மலைவாசிகளுக்கு எதிரான போருக்கு ஏழைகளைப் பிடித்து அனுப்பியதை எதிர்த்துப் பார்சிலோனா ஒரு வாரம் எரிந்தது. அடுத்த மாதமே லண்டனிலிருந்து ஓர் இளைஞர், அதே ரிஃப் மக்களின் பக்கம் நின்று ஸ்பெயினை எதிர்த்துப் போரிடப் புறப்பட்டார். சென்னையில் பிறந்த மண்டயம் குடும்பத்து எம்.பி.டி. ஆச்சார்யா. பாரதி நடத்திய 'இந்தியா' இதழின் வட்டத்திலிருந்து போனவர். சுக்சாகர் தத் என்ற நண்பரோடு ஜிப்ரால்டர் வரை, டாஞ்சியர் வரை போயும் போர்முனையை எட்ட முடியவில்லை. பின்னாளில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார், அதிலிருந்து பிரிந்து பெர்லினில் அரசின்மைவாதியானார். 1936-இல் அவர் பம்பாயில் இருந்தார். அந்த ரிஃப் மக்களுக்காக 22 வயதில் கப்பலேறிய ஒருவர் நம்மிடம் இருந்தார் என்பதை நம் பாடநூல்கள் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒருவர். கார்ல் ஐன்ஸ்டைன், ஆப்பிரிக்கச் சிற்பங்களைப் பற்றி 1915-இல் நூல் எழுதிய ஜெர்மானிய யூதக் கலை அறிஞர். ஐம்பது வயதை ஒட்டிய நிலையில் துர்ருத்தி படையில் சேர்ந்தார். 1936 நவம்பரில் துர்ருத்தி மாட்ரிட்டில் இறந்தபோது பார்சிலோனா வானொலியில் அஞ்சலி உரை ஆற்றினார். 1940-இல் ஜெர்மன் படை பிரான்சுக்குள் நுழைந்தது. மற்ற அகதிகள் பிரனேய மலையைக் கடந்து ஸ்பெயின் வழியாகத் தப்பினார்கள். பிராங்கோவை எதிர்த்துப் போரிட்ட ஐன்ஸ்டைனுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், போ நகருக்கு அருகே ஜூலை 5 அன்று அவர் ஆற்றில் குதித்து இறந்தார்.